பலகை இலவசம்

கம்பனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான்,
கழுத்தில் அட்டை, கையில் அளவு நாடா.
பன்னிரண்டு அடி. உள்ளே வெளிச்சம். சிவப்பு.
"காசு வேண்டாம் அக்கா, ஆணியும் எங்கட."
கடையின் பெயருக்கு வலது மூலையில்
ஒரு சவர்க்காரக் கட்டி அளவு இடம்.
டொக்யார்ட் வீதியில் அப்படித்தான்
சலூன், பார்மசி, சைக்கிள் திருத்துமிடம்
எல்லாம் ஒரே சோடாவின் கிளைகளாகிப் போயின.

மெரில்டா என்னிடம் வந்தாள்
கொப்பித் தாளில் தன் பெயரை எழுதிக்கொண்டு.
"அவங்கட மாதிரியே செய்து தாங்கோ பிள்ளை,
பேர் மட்டும் என்ர."

செய்தேன். பிழைப்பு அது.
அதே சிவப்பு, அதே வளைவு,
எழுத்தின் முதுகில் அதே மினுக்கம்.
கட்டி முடித்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன்.
கடையைக் காணவில்லை.
இரவல் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை;
படத்தில் எல்லாரும் கோட்டைத்தான் பார்த்தார்கள்.

பிறகு மூன்று பின்னேரம் அவளின் கூல் பாரில் இருந்தேன்
கீல் உடைந்த மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு.
நிலாவெளி பஸ் புழுதியோடு வந்து புழுதியில்லாமல் போனது.
கடன் சொல்லிக் குடிப்பவர்களுக்கு
போத்தல் பச்சைக் கதவில் வெண்கட்டியால் கோடு போட்டாள்.
ஹாபர் வேலையாட்களுக்கு ஒரு பலகை,
டியூட்டரிப் பெடியளுக்கு ஒன்று.
நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே,
கை வேகத்தில் வால் நீளும்.
அந்த வீதியில் சிவப்பு இல்லாதது அந்தக் கதவு மட்டும்தான்.
கண் போய் அதில் இளைப்பாறியது.

அதையே எடுத்தேன்.
பச்சை. வெள்ளைக் கோடு. மினுக்கம் கிடையாது.
தமிழை அவளே எழுதினாள், "மெ"யின் கொம்பு தூண்டில் போல.
சிங்களம் டயர் கடை விமலசிறி, நாக்கைக் கடித்துக்கொண்டு.
ஆங்கிலம் அவளின் மகள், தரம் மூன்று,
ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டாள், விட்டுவிட்டோம்.
மூன்றும் ஒரே உயரம்.
மூலையில் யாரும் இல்லை.

சுவரொட்டியும் அடித்தோம், ஐம்பது.
காசு மிச்சம் பிடிக்கக் கோதுமை மாப் பசை.
கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் இறங்கி வந்து
பசையும் தாளுமாய் நக்கித் தின்றுவிட்டுப் போயின.
விடிய மதிலில் மிஞ்சியது
ஒரு கொம்பும் இரண்டு கோடும்.
"உது மெரில்டாட கடை எல்லோ" என்று
ஓட்டோக்காரன் ஒருவன் சொல்லிக்கொண்டு போனான்.
நான் படித்த எந்த வகுப்பிலும்
இதற்குப் புள்ளி போடும் முறை இல்லை.

வெற்றி என்று நினைக்க வேண்டாம்.
பத்தாம் நாள் லொறி வந்தது.
பிரிட்ஜ் கம்பனியினுடையது;
பலகை இல்லையென்றால் அதுவும் இல்லை என்று
ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
சித்திரை வெயிலில் தூக்கிக்கொண்டு போனார்கள்.
தரையில் ஒரு சதுரம்,
ஒன்பது வருடம் யாரும் மிதிக்காத சீமெந்து.
மெரில்டா அதைப் பார்த்தபடி நின்றாள்.
"இதையும் டிசைனுக்குள்ள சேர்க்கேலாதோ பிள்ளை?"
சிரிக்கவில்லை. நானும்.

ரெஜிபோம் பெட்டி இரண்டு வாங்கினாள்.
ஐஸ் மீன்வாடியிலிருந்து வந்தது;
முதல் கிழமை நெல்லி ரசத்தில் கீரி மீன் வாசம்.
சிலர் வராமல் விட்டார்கள். சிலர்
மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

என் கூலியில் நாலாயிரம் பாக்கி.
அதுவும் கதவில் இருக்கிறது,
என் பெயருக்குக் கீழே நாற்பது கோடு.
வேலை முடிந்து போனால்
கிளாசை என் முன்னால் வைத்துவிட்டு
பெருவிரலை ஐஸ் தண்ணியில் நனைத்து
ஒன்றை அழிப்பாள்.
அழித்த இடம் கொஞ்ச நேரம்
மற்ற இடத்தைவிடப் பச்சையாய் இருக்கும்.